பாரமும் பழுதும்

கரடுமுரடான நிலத்தில் ஓடுவதற்கென்று, நான்கு சக்கரங்களுக்கும் இஞ்சினின் சக்தி சென்று சேரும்படி அமைக்கப்பட்ட வாகனங்களுள் எது சிறந்தது என்ற கேள்வி எழுந்துவிட்டால், அவற்றோடு பழகியவர்களிடையே இரண்டு கட்சிகள் உடனே உண்டாகிவிடுகின்றன. ஒரு கட்சி இங்கிலாந்தின் லேண்ட் ரோவருக்கும் மற்றொரு கட்சி ஜப்பானின் லேண்ட் குரூசருக்கும் வக்காலத்து வாங்க, ஒருவர் தம் வண்டி ஏற்றிச் சென்ற சுமையைச் சொல்லியும் மற்றவர் தம் வண்டி பழுதின்றி ஓடிய தூரத்தைச் சொல்லியும் வாதாடுவதால், விவாதம் எந்த முடிவுக்கும் வராமலே கலைந்துபோகிறது. பாரம் சுமக்கும் திறன் வேறு, பழுதின்றி உழைக்கும் தன்மை வேறு என்று இரு சாராரும் எண்ணிக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம். உண்மையில் அவை இரண்டும் ஒரே மூலதனத்திலிருந்து எடுக்கப்படும் இருவகைச் செலவுகள். எஃகின் கனத்திலும் இஞ்சினின் அளவிலும் வடிவமைப்பாளன் வைத்துப்போன உபரி பலமே அந்த மூலதனம். அதைச் சுமைக்காகச் செலவிட்டவனுக்கு ஆயுள் குறைகிறது, ஆயுளுக்காகச் சேமித்தவன் சுமையைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டு வண்டிகளுக்கும் மூதாதை ஒன்றே. இரண்டாம் உலக மகா யுத்தத்தில் அமெரிக்கச் சேனைக்காக வில்லீஸ், ஃபோர்டு ஆகிய இரு கம்பெனிகளும் ஆறு லட்சத்துக்கும் மேலாகச் செய்து குவித்த ஜீப், 2.2 லிட்டர் இஞ்சினும் 60 குதிரை சக்தியும் உடைய சிறு வாகனம். பாதையற்ற நிலத்தில் அதற்கு விதிக்கப்பட்ட சுமை 800 பவுண்டு, அதாவது சுமார் 360 கிலோ மட்டுமே. யுத்தம் முடிந்தபின், வேல்ஸ் தேசத்தை ஒட்டிய ஆங்கிள்ஸி தீவில் பண்ணை வைத்திருந்த ரோவர் கம்பெனியின் தலைமை எஞ்சினீயர் மாரிஸ் வில்க்ஸ், தம் பண்ணையில் உழைத்துத் தேய்ந்துகொண்டிருந்த ஜீப்புக்குப் பதிலாக வேறொன்று தேடியும் கிடைக்காமையால், தாமே ஒன்று செய்துவிட நிச்சயித்தார். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வெளியாயிற்று. எஃகுக்குக் கட்டுப்பாடு இருந்த காலமாதலால் மேனிக்கு அலுமினியக் கலவைத் தகடு பயன்பட்டது; விற்பனை எவ்வளவு நாள் நீடிக்கும் என்று தெரியாத காலமாதலால் இஞ்சினும் கியர்பெட்டியும் ரோவரின் குடும்பக் காரிலிருந்து எடுத்தாளப்பட்டன. அந்த முதல் இஞ்சின் 1.6 லிட்டர் அளவும் 50 குதிரை சக்தியும் கொண்டது.

ஜப்பானிலோ கதை வேறுவிதமாக நடந்தது. கொரியா யுத்தத்தின்போது ஜீப் போன்ற வாகனங்களுக்குத் தேவை ஏற்பட்டபொழுது, டொயோட்டா கம்பெனியார் தங்களிடம் இருந்த லாரி இஞ்சினை, 3.4 லிட்டர் அளவும் ஆறு சிலிண்டர்களும் உடைய அந்தப் பாரமான யந்திரத்தை, ஒரு சிறு வண்டியில் பொருத்திவிட்டார்கள். 1951 ஜூலையில் அது ஃபுஜி மலையின் ஆறாவது நிலையம் வரை ஏறிற்று. மெதுவாகச் சுழலும்போதே மிகுந்த திருப்புவிசை தரும் அந்த இஞ்சினையும், மிகத் தாழ்ந்த முதல் கியரையும் நம்பி, மற்ற வண்டிகளில் இருந்த துணைக் கியர்க் குறைப்பை ஆரம்பத்தில் அவர்கள் வைக்கவே இல்லை; 1960-ல் வந்த நாற்பதாம் வரிசை வண்டியில்தான் அது சேர்ந்தது. லேண்ட் குரூசர் என்ற பெயர் 1954-ல் இடப்பட்டது.

ஆக, ஒன்று காரிலிருந்து மேல்நோக்கி வளர்ந்த வண்டி, மற்றொன்று லாரியிலிருந்து கீழ்நோக்கிச் சுருங்கிய வண்டி. பிற்காலத்து வேறுபாடுகளில் பெரும்பகுதி இந்த ஒரே சங்கதியில் அடங்கிக்கிடக்கிறது என்று சொல்வது மிகையன்று. ஐம்பதுகளின் இறுதியில் ஒன்றில் 2.25 லிட்டர் இஞ்சினும் மற்றொன்றில் 3.9 லிட்டர் இஞ்சினும் இருந்தன. ஒரே செங்குத்தான பாதையில் ஒரே சுமையோடு ஏறும்போது சின்ன இஞ்சின் தன் முழு சக்தியையும் கக்கிக்கொண்டு ஏற, பெரிய இஞ்சின் பாதி மூச்சில் ஏறியது. அது பெட்ரோலைக் குடித்த அளவு வேறு விஷயம். அதைப் பொறுத்தவரை லேண்ட் குரூசரின் பக்தர்களும் மௌனம் சாதிப்பதே வழக்கம்.

இவ்விரண்டும் நேருக்கு நேர் சந்தித்த பரீட்சைக்களம் ஆஸ்திரேலியா. அங்கே 1949-ல் தொடங்கி 1974 வரை நடைபெற்ற ஸ்னோயி மலைத் திட்டம், ஆறுகளை மலையூடே குடைந்து திருப்பி, நீர்ப்பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் பயன்படுத்திய பெருங்காரியம். சேறும் பனியும் பாறையும் நிறைந்த அப்பிரதேசத்தில் முதலில் எங்கும் லேண்ட் ரோவர்களே திரிந்தன. ஐம்பதுகளின் இறுதியில், அத்திட்டத்தின் ஒப்பந்தக்காரர்களில் ஒருவரான லெஸ்லி தீஸ் என்பவர், பெயரளவிலும் எவரும் அறியாதிருந்த டொயோட்டாவின் வண்டிகளை வரவழைத்துத் தம் வேலைத்தலங்களில் ஓட்டத் தொடங்கி, பின்னர் அவற்றின் விற்பனையாளராகவும் ஆனார். இருபதாண்டுகளுக்குள் அக்கண்டத்தின் உட்பகுதியில் லேண்ட் ரோவருக்கு இருந்த ஆதிக்கம் கைமாறிவிட்டது. ஜப்பானிய எதிரியிடம் போரிட்டு மீண்டவர்கள் நிறைந்த தேசம், போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்குள் ஜப்பானிய வண்டியை நம்பி வாங்கிற்று என்றால், அதற்கு விளம்பரம் மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது.

லேண்ட் ரோவரின் பலவீனம் எங்கே இருந்தது என்பது அதை ஓட்டியவர் அனைவரும் அறிந்த ரகசியம்: பின் அச்சின் உள்ளே, கிரவுன் என்ற பல்சக்கரத்திலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் ஆக்ஸில் ஷாஃப்ட். சுமை ஏற்றிய வண்டி சேற்றிலோ பாறையிலோ திணறி, வழுக்கிச் சுழன்ற சக்கரம் திடீரென்று பற்றிக்கொள்ளும்போது, தாழ்ந்த கியரில் பெருகிய திருப்புவிசை முழுவதும் அந்த ஒல்லியான எஃகுக் கம்பியின்மேல் வந்து விழ, அது முறிந்துவிடும். ஆனால் முறிந்த பிறகு நடப்பதைப் பார்த்தால்தான் அந்த வண்டியின் மேல் சிலருக்கு இருந்த பிரியம் விளங்கும். வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஷாஃப்ட் அன்று, அதைச் சூழ்ந்த குழாயின் மேல் அமர்ந்த பேரிங்குகளே. ஆகையால் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கவும் வேண்டாம், சக்கரத்தைக் கழற்றவும் வேண்டாம். சக்கரத்தின் நடுவில் உள்ள ஆறு போல்ட்டுகளை ஸ்பேனரால் தளர்த்தி, மூடியை இழுத்தால் ஒடிந்த ஷாஃப்ட்டின் வெளித்துண்டு எண்ணெய் சொட்டச் சொட்ட உருவிக்கொண்டு வரும். உள்ளே நின்றுவிட்ட துண்டைத் துழாவி எடுக்க மட்டும் சற்றுப் பொறுமை வேண்டும். பிறகு ஆசனத்தின் அடியில் வைத்திருக்கும் புது ஷாஃப்ட்டைச் செருகி முடுக்கிவிட்டால் பிரயாணம் தொடரும். மாற்று ஷாஃப்ட் இல்லாதவன்கூட முன்சக்கரங்களின் இழுப்பைக்கொண்டே ஊர் போய்ச் சேரலாம்.

பலவீனமான அங்கம் எது என்பதை விதி தீர்மானிக்குமுன் வடிவமைப்பாளனே தீர்மானித்துவிடுவது நல்லதென்றும், ஒல்லியான ஷாஃப்ட் முறிந்து விலையுயர்ந்த கியர்பெட்டியைக் காப்பாற்றுகிறதென்றும் சமாதானம் சொல்பவர் உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும், எழுபதுகளில் நீள வண்டிகளுக்கெல்லாம் ஸாலிஸ்பரி என்ற பெயருடைய கனத்த பின் அச்சை அந்தக் கம்பெனியாரே பொருத்திக் கொடுத்தார்கள் என்பதிலிருந்து, அந்தச் சமாதானம் அவர்களுக்கே திருப்தி தரவில்லை என்று ஊகிக்கலாம். பழுது பார்க்கச் சுலபமானது என்ற புகழ் ஒரு வண்டிக்கு வருவதற்கு, பழுது பார்க்கும் சந்தர்ப்பங்கள் பல வாய்த்திருக்க வேண்டும்.

நம்பகத்தைக் கணக்காகப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பிரயாணத்தில் எந்த ஓர் அங்கம் கெட்டாலும் வண்டி நின்றுவிடும் என்று வைத்துக்கொண்டு, அப்படிப்பட்ட அங்கங்கள் நூறு இருப்பதாகவும், ஒவ்வொன்றும் அந்தப் பிரயாணத்தைக் கடந்துவிடும் சாத்தியம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்றும் கொள்வோம். கேட்பதற்கு உயர்ந்த தரமாகத் தோன்றும் இதனை நூறு தடவை பெருக்கிப் பார்த்தால், வண்டி ஊர் போய்ச் சேரும் சாத்தியம் நூற்றுக்கு 37 ஆகச் சுருங்கிவிடுகிறது. அங்கங்களைப் பாதியாகக் குறைத்து எளிமையாக்கினால் அது 60 ஆக உயரும். அங்கங்கள் நூறாகவே இருக்க, ஒவ்வொன்றின் தரத்தையும் ஆயிரத்துக்கு 999 ஆக உயர்த்தினாலோ 90 ஆகிவிடும். எளிமை நல்லது என்பது எல்லோரும் சொல்லும் பழைய நீதி. ஆனால் எளிமையைக் காட்டிலும், பார்வைக்குத் தெரியாத சின்னஞ்சிறு சீல்களிலும் பேரிங்குகளிலும் மின்கம்பி இணைப்புகளிலும் காட்டும் அக்கறைக்கே பலன் அதிகம் என்பதை இந்தக் கணக்கு பிரத்தியட்சமாகக் காட்டுகிறது. லேண்ட் குரூசரின் வெற்றியில் பெரிய இஞ்சினுக்கு ஒரு பங்கு என்றால், இந்த அக்கறைக்கு மறு பங்கு உண்டு.

இனிப் பாரத்துக்கு வருவோம். ஒரு வண்டி எவ்வளவு சுமக்கும் என்று கேட்டால், அதன் மொத்த எடைக்கு விதிக்கப்பட்ட வரம்பிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் வருவதே விடை; மிகச் சாதாரணமான இந்தக் கழித்தலில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். 3,300 கிலோ வரம்பும் 2,200 கிலோ சுய எடையும் உடைய பிக்கப் வண்டி ஒன்று இருப்பதாகக் கொண்டால், விளம்பரத்தில் 1,100 கிலோ சுமக்கும் என்று பெருமையாக எழுதலாம். ஆனால் பின்னால் பொருத்தும் தளத்துக்கு 180 கிலோ, முன்னால் காப்புச் சட்டத்துக்கும் இழுவை யந்திரத்துக்கும் 110, இரண்டாவது மாற்றுச் சக்கரத்துக்கு 35, நான்கு மனிதருக்கு 320, குடிநீருக்கு 80 என்று எழுதிக்கொண்டே வந்தால் 725 கிலோ போய்விடுகிறது. எஞ்சிய 375 கிலோவே சாமான்களுக்கு உரியது. பலப்படுத்துவதற்காகப் பொருத்தும் ஒவ்வொரு எஃகுச் சட்டமும், காப்பாற்ற வந்ததே சுமையாகும்படி, அந்த மீதியை அரித்துத் தின்கிறது.

எடை எவ்வளவு என்பது போலவே அது எங்கே அமர்கிறது என்பதும் முக்கியம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர் தூரம் உள்ள வண்டியில், பின் அச்சுக்கு 1 மீட்டர் அப்பால் 200 கிலோவைத் தொங்கவிட்டால், பின் அச்சின்மேல் ஏறுவது 200 அன்று, சுமார் 267 கிலோ. மிகுதியான 67 கிலோ முன் சக்கரங்களிலிருந்து தூக்கி எடுக்கப்படுகிறது. நான்கு கதவு அறை வைத்த நீள வண்டிகளில், சுமைத்தளத்தின் பெரும்பகுதி பின் அச்சுக்கு அப்பால் நீண்டுவிடுவதாலேயே, அறைக்குப் பின்புறம் சேசிஸ் வளைந்து முதுகொடிந்த வண்டிகள் ஆஸ்திரேலியாவின் உட்பிரதேசங்களிலிருந்து இழுத்துவரப்படுகின்றன. கூரைமேல் ஏற்றும் எடையின் தீங்கு வேறு வகை. அது வண்டியின் ஈர்ப்பு மையத்தை உயர்த்தி, சாய்வான பாதையில் புரட்டிவிடக் காத்திருக்கிறது.

ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு தப்பெண்ணம் எங்கும் பரவியிருக்கிறது. வில்லாக வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய பட்டை ஸ்பிரிங்தான் பாரத்துக்கு ஏற்றது, சுருள் ஸ்பிரிங் சொகுசுக்கு மட்டும் என்பது அது. பட்டை ஸ்பிரிங் சேசிஸை இரண்டு இடங்களில் பற்றிப் பாரத்தைப் பகிர்ந்து தருவதும், அச்சைத் தன் இடத்தில் நிறுத்தும் வேலையையும் தானே பார்த்துக்கொள்வதும், ஒரு பட்டை உடைந்தாலும் மற்றவை தாங்குவதும் உண்மையே. ஆயினும் 1983-ல் நான்கு மூலையிலும் சுருள் ஸ்பிரிங்கோடு வந்த நீள லேண்ட் ரோவர், 3,050 கிலோ மொத்த எடைக்கு அனுமதி பெற்று, ஒரு டன் சுமையைக் குறைவின்றிச் சுமந்தது. சுமையைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்கின் உருவம் அன்று. கூடுதலாக இரண்டு பட்டைகளைச் செருகிவிட்டால் வண்டியின் பின்புறம் தாழாமல் நிமிர்ந்து நிற்கும் என்பது மட்டுமே லாபம். அச்சுக்குழாயும் பேரிங்கும் பிரேக்கும் டயரும் முன்பு இருந்தவையே. தாழ்ந்து நின்று எச்சரித்துக்கொண்டிருந்த வண்டியின் வாயை அடைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

பேரிங்கின் கணக்கு இதைத் தெளிவாக்கும். ஸ்வீடன் நாட்டு லுண்ட்பெர்க், பால்ம்கிரென் ஆகிய இருவரும் 1947-ல் வெளியிட்ட சித்தாந்தத்தை அடிப்படையாகக் கொண்டு இன்றும் வழங்கும் சூத்திரப்படி, உருளைப் பேரிங்கின் ஆயுள், பாரத்தின் மூன்றேகாலுக்குச் சற்று மேற்பட்ட அடுக்கில் குறைகிறது. பாரம் கால் பங்கு கூடினால் ஆயுள் பாதிக்கும் கீழே போகும். அரைப் பங்கு கூடினால் ஏறக்குறைய கால் பங்காகும். இரட்டித்தால் பத்தில் ஒன்றாகும். அளவுக்கு மீறி ஏற்றியும் ஒன்றும் ஆகவில்லையே என்று ஒருவர் பெருமைப்படும்போது, ஆனது கண்ணுக்குத் தெரியவில்லை என்பதே பொருள்.

உலோகத்தின் களைப்பும் இத்தகையதே. 1842-ல் பிரான்ஸில் வெர்ஸேல்ஸ் அருகே ரயில் இஞ்சின் ஒன்றின் அச்சு முறிந்து பலர் மாண்ட விபத்துக்குப் பின்னரே, முறிக்கும் அளவுக்குப் போதாத விசையும் திரும்பத் திரும்பத் தாக்கினால் எஃகை முறித்துவிடும் என்ற உண்மை விஞ்ஞானிகளின் கவனத்தை ஈர்த்தது. ஜெர்மனியின் ஆகஸ்ட் வோலர், ரயில் அச்சுகளை வருஷக்கணக்கில் சுழற்றிச் சோதித்து அதைக் கிரமப்படுத்தினார். மண்பாதையில் ஓடும் வண்டிக்கு இந்தத் திரும்பத் திரும்ப வரும் அடி எங்கிருந்து வருகிறது என்றால், துணி துவைக்கும் பலகை போல் பாதை நெடுகப் பதிந்துகிடக்கும் அலைவரிகளிலிருந்துதான். கீத் மாத்தர் என்ற ஆஸ்திரேலிய பௌதிக அறிஞர், மணல் பரப்பிய வட்டப் பாதையில் சிறு சக்கரத்தைச் சுழலவிட்டு, குறிப்பிட்ட வேகத்தை மீறியவுடன் இந்த அலைகள் தாமே தோன்றிவிடுவதை அறுபதுகளின் தொடக்கத்தில் காட்டினார். தற்செயலான ஒரு மேட்டில் எகிறிய சக்கரம் விழுந்த இடத்தில் குழி பறிக்க, அக்குழி அதை மறுபடி எகிறவைக்க, வரிசை வளர்ந்துகொண்டே போகிறது. அலைக்கு அலை 80 சென்டிமீட்டர் என்று கொண்டால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு மணி நேரத்தில் லட்சம் அடி வாங்குகிறது. ஷாக் அப்ஸார்பரில் உள்ள எண்ணெய் கொதித்து நுரைக்கிறது. கூரைச் சட்டத்தின் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை போன்ற விரிசல் கண்டு, அதன் இரு உதடுகளிலும் செம்புழுதி படிந்து, கோடு மெல்ல நீளுகிறது. அதைக் கண்டவன் அங்கேயே சுமையை இறக்கிவைப்பது உத்தமம்.

எந்த வண்டியும் குற்றமற்றதன்று. அலுமினிய மேனி துருப்பிடிக்காமல் பளபளக்க, அதன் கீழே நான்கு தகடுகளை இணைத்துப் பெட்டிபோல் செய்த லேண்ட் ரோவரின் சேசிஸ், உள்ளே தேங்கிய ஈரத்தால் உட்புறத்திலிருந்தே துருப்பிடித்து உளுத்துப்போகும். லேண்ட் குரூசரிலோ, 2007-ல் அகலமான புது இஞ்சினுக்காக எழுபதாம் வரிசையின் முன் அச்சை விரித்தவர்கள் பின் அச்சைப் பழைய அளவிலேயே விட்டுவிட்டமையால், முன்சக்கரம் போட்ட தடத்தில் பின்சக்கரம் போகாமல் மணலில் தனித் தடம் பறிக்கிறது. இத்தனை பெயர் பெற்ற வண்டியில் இப்படியொரு கோணலை வருஷக்கணக்கில் விட்டுவைத்ததை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆனால் இவ்விதக் குறைகளால் வண்டி வழியில் நிற்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பழுது பார்க்கும் வசதிக்கு உரிய மரியாதையையும் மறுக்கலாகாது. டார்ஜிலிங் பகுதியில் மானேபஞ்சன் என்ற ஊரிலிருந்து 3,636 மீட்டர் உயரத்தில் உள்ள சந்தக்பூவுக்கு, தேயிலைத் தோட்டத் துரைமார் விட்டுச்சென்ற ஐம்பதுகளின் லேண்ட் ரோவர்கள் நெடுங்காலமாகப் பிரயாணிகளை ஏற்றிச் சென்று வந்திருக்கின்றன. அவற்றுள் பலவற்றில் ஆதி இஞ்சின் போய் மஹிந்திராவின் டீசல் இஞ்சின் வந்துவிட்டது. உதிரிபாகம் கிடைக்காத மலையூரில், உள்ளூர்க் கொல்லனும் மெக்கானிக்கும் சேர்ந்து ஒரு வண்டியை அறுபதாண்டுக்கு மேல் உயிரோடு வைத்திருக்க முடிந்தது என்றால், அது வில்க்ஸின் எளிய அமைப்புக்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரமே. முறியாத வண்டியே மேலானது. முறிந்தால் சரிசெய்ய ஆள் இருக்கும் இடத்தில் மற்றதும் தாழ்ந்ததன்று.

நம்மிடையே, வில்லீஸ் ஜீப்பின் இந்திய வழித்தோன்றல்கள், போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை நெருக்கி அடைத்துக்கொண்டு விடியற்காலையில் மலை ஏறுகின்றன. ஏறுவது இஞ்சினின் பாடு. மாலையில் இறங்குவதோ பிரேக்கின் பாடு. ஆயிரம் மீட்டர் இறக்கத்தில் ஒவ்வொரு கிலோ எடையும் தன் உயரத்தின் சக்தியை உஷ்ணமாகக் கொட்டித் தீர்க்க வேண்டும். தாழ்ந்த கியரில் இஞ்சின் தாங்கிக்கொண்ட பாகம் போக, எஞ்சியது முழுதும் பிரேக்கின் தலையில்தான் விழும். ஜீப்பின் பலத்தை நம்பி ஆள்மேல் ஆள் ஏற்றுகிறவர்கள், அதன் பிரேக் எத்தனை பேருக்காகச் செய்யப்பட்டது என்பதை எண்ணிப்பார்ப்பதில்லை.

ஆகவே, மனித வாசமற்ற வழியில் மிகுந்த பாரத்தோடு போகிறவனுக்கு லேண்ட் குரூசரே உகந்தது என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஆயினும் வரம்புக்கு மேல் ஏற்றிய லேண்ட் குரூசரைவிட, வரம்பில் முக்கால் பங்கே ஏற்றிய லேண்ட் ரோவர் வெகுதூரம் போகும். எதை வாங்கினாலும், புறப்படுமுன் ஆட்களும் தண்ணீரும் எண்ணெயும் சாமானும் ஏற்றிய நிலையில் வண்டியை ஓர் எடைமேடையில் நிறுத்தி, முதலில் முன் அச்சையும் பின்பு பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்து, கதவோரத் தகட்டில் பொறித்திருக்கும் வரம்போடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மிஞ்சியிருந்தால், ஸ்பிரிங் மாற்ற ஒர்க்‌ஷாப்புக்குப் போகாமல், கூரைமேல் இருப்பதை முதலில் இறக்கிவிடுங்கள்.